குளமும் வீட்டு விலையும்: ஜோகூர் நகர்ப்புறங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மலாய் மொழியில் வழங்கும் 'கோலாம்' என்னும் சொல் தமிழ்க் 'குளம்' என்பதிலிருந்து சென்றதாகும் என்பர். ஜோகூரின் வீடமைப்புப் பகுதிகளில் இன்று அச்சொல், மழைநீரைத் தேக்கி மெல்ல வெளியேற்றும் வெள்ளத் தடுப்புக் குளத்தையும் குறிக்கின்றது. இத்தகைய குளங்கள் அருகிலுள்ள வீடுகளின் மதிப்பை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

மழைநீரைக் கற்காரைக் கால்வாய் வழியே விரைந்து அகற்றுவதே முன்னைய முறையாகும். மலேசிய நீர்ப்பாசன வடிகால் துறை 2000ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுச்சூழல் சார்ந்த வடிகால் கையேடு, இம்முறையை மாற்ற முற்பட்டது. மழைநீரை விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. தடுப்புக் குளங்களும் புல்வெளி வாய்க்கால்களும் அதற்குரிய கருவிகள்.

வீட்டின் விலை, அதன் பண்புகள் ஒவ்வொன்றுக்கும் உரிய மறைமுக விலைகளால் அமைவதென ஷெர்வின் ரோசன் 1974இல் விளக்கினார். பரப்பு, வயது, நகரத் தொலைவு ஆகியவை ஒத்த வீடுகளை ஒப்பிட்டால், குளத்தின் அண்மைக்குரிய விலையைப் பிரித்தறியலாம். தூய நீர்ப்பரப்பும் நடைபாதையும் அவ்விலையை உயர்த்தும். தேங்கிய கழிவும் கொசுவும் தாழ்த்தும். எனவே குளம் இருத்தலினும் அது பேணப்படுதலே விலையைத் தீர்மானிக்கின்றது எனலாம். ஜோகூர் பாரு நகர நடுவில் ஓடும் செகெட் ஆறு, மாசு மிகுந்த நிலையில் மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் திறந்து சீரமைக்கப்பட்டது. பேணாத நீரை நகரம் மறைக்கவே விரும்பும் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் விலை முழுப்பயனையும் காட்டுவதில்லை. மேட்டுப்பகுதிக் குளம் தேக்கும் நீர், தாழ்நிலத்தில் வாழ்வோரின் இடரைக் குறைக்கின்றது. அப்பயன் குளக்கரை வீட்டின் விலையில் இடம்பெறாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த பெருவெள்ளத்தைத் தாமான் குளங்கள் மட்டுமே தடுத்திருக்கும் என நாம் கூறவரவில்லை. மேல்நிலத்தின் நீர், கீழ்நிலத்தாரின் வாழ்வாகின்றது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. மேலும், விலையேற்றம் வீட்டு உரிமையாளருக்கு ஆதாயமாயினும் வாடகைக்குடியினருக்குச் சுமையாகலாம்.

ஆகவே விலையுயர்வை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மலிவு விலை வீடமைப்புப் பகுதிகளின் குளங்கள் புறக்கணிக்கப்படும். தமிழகச் சிற்றூர்களில் குளத்துநீரால் பயன்பெறுவோர் கூடி அதனைச் சீர்செய்த வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. அங்கே பேணும் கடமை பயன்பெறுவோர் அனைவருக்கும் உரியதாயிருந்தது. இங்குள்ள குளங்களின் பராமரிப்புச் செலவைப் பகிர்வதற்கும் அந்நெறியே பொருந்தும் என்பது நம் துணிபு.