உப்புநீர்க் குளோரின் மின்கலம்: பராமரிப்பும் பழுதறிதலும்

உப்புநீர்க் குளோரின் மின்கலம் என்பது நீச்சல்குளத்து நீரில் கரைந்துள்ள உப்பிலிருந்து மின்னாற்பகுப்பு மூலம் குளோரினை உருவாக்கும் கருவியாகும். குளத்தில் குளோரின் குறைந்தாலே மின்கலம் கெட்டுவிட்டது என்று கருதக் கூடாது. தென்காசி, குற்றாலம் போன்று சாரல் மழை பெறும் ஊர்களின் திறந்தவெளிக் குளங்களில் இதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

அமைப்பும் செயல்பாடும்

மின்கலத்தினுள் டைட்டானியம் தகடுகள் வரிசையாக உள்ளன. அவற்றின் மேல் ருத்தேனியம், இரிடியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். இவ்வகை டைட்டானிய மின்முனைகளைக் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கியுள்ளது.

நேர்மின்முனையில் குளோரின் உண்டாகி நீரில் கரைந்து கிருமிகளை அழிக்கிறது. எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடு அயனிகளும் உண்டாகின்றன. இந்தக் காரத்தன்மையால் நீரிலுள்ள கால்சியம், கார்பனேட்டாக மாறித் தகட்டில் வெண்மையாகப் படிகிறது. கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பினால் படிவு விரைவில் சேரும்.

பழுதறியும் வரிசை

1. உப்பு: பெரும்பாலான கருவிகளுக்கு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு போதும், கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உள்ளது. குளோரின் தன் வேலை முடிந்ததும் பெரும்பாலும் மீண்டும் குளோரைடாக மாறுவதால் உப்பு தீர்ந்துபோவதில்லை. மழைநீர் நிரம்பி வழியும்போதும் வடிகட்டியைக் கழுவும்போதும்தான் குறைகிறது. 50,000 லிட்டர் குளத்தில் லிட்டருக்கு 1 கிராம் குறைந்தால் 50 கிலோ உப்பு சேர்க்க வேண்டும். அயோடின் கலக்காத தூய உப்பே ஏற்றது.

2. அளவீடு: படிவு சேர்ந்த அல்லது தேய்ந்த மின்கலம், உப்பு போதுமான அளவு இருந்தாலும் குறைவு என்று காட்டக்கூடும். எனவே தனிச் சோதனைத்தாளால் அளந்த பின்பே உப்பைக் கொட்ட வேண்டும்.

3. நீரோட்டம்: வடிகட்டி அடைத்திருந்தால் கருவி தானே நின்றுவிடும். ஹைட்ரஜன் தேங்காமலிருக்க இது ஒரு பாதுகாப்பு. இதை மாற்றி அமைக்கக் கூடாது.

4. பி.எச். மதிப்பு: 7.2 முதல் 7.6 வரை இருப்பது நல்லது. அது உயர்ந்தால் குளோரினின் கிருமிநீக்கும் திறன் குறையும்; படிவும் கூடும்.

இவை யாவும் சரியாக இருந்தும் குளோரின் உண்டாகாவிடில், தகடுகளைப் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்தல்

மின்னிணைப்பையும் மோட்டாரையும் நிறுத்திய பின்பே மின்கலத்தைக் கழற்ற வேண்டும். முதலில் குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். அதில் போகாத படிவுக்கு, 10 பங்கு நீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து, குமிழி அடங்கும்வரை சில நிமிடங்கள் ஊறவைக்க வேண்டும். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். அருகில் பிளீச்சிங் பவுடர் இருக்கக் கூடாது. அமிலத்துடன் கலந்தால் நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

கம்பி, கத்தி கொண்டு சுரண்டினால் பூச்சு உரிந்துவிடும். தேவையின்றி அடிக்கடி அமிலத்தில் ஊறவைப்பதும் பூச்சைத் தேய்க்கும். பூச்சு தேய்ந்த மின்கலத்தை மாற்றுவதே வழி.