மோட்டார் ஏன் கருகுகிறது?

கிணற்றடி மோட்டாரை நாம் பெரும்பாலும் மறந்தே இருக்கிறோம். பொத்தானை அழுத்துகிறோம், நீர் பாய்கிறது, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறோம். கருகிய வாடை வீசும்போதுதான் அதன் நினைவு வருகிறது. காயில் கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் பயிர் வாடுகிறது. நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இந்த இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மோட்டாரின் முதல் பகை வெப்பம். உள்ளே இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களை ஒன்றோடொன்று மின்தொடர்பு கொள்ளாமல் காப்பது மெல்லிய பூச்சுதான். 'பி' வகைக் காப்பு 130 டிகிரி செல்சியஸ் வரையிலும், 'எஃப்' வகை 155 டிகிரி வரையிலும் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஆகவே, வெப்பம் எவ்வழியில் மிகுகிறது என்று பார்ப்பதே அன்றாடப் பராமரிப்பு ஆகும்.

முதலில் காற்று. மோட்டாரின் பின்புறத்து விசிறிதான் அதைக் குளிர்விக்கிறது. விசிறி மூடியில் சருகோ குளவிக் கூடோ அடைத்திருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அகற்றுங்கள். உடலின் மேலுள்ள பள்ளங்களில் படிந்த மண்ணையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது பேரிங். நல்ல பேரிங் ஒரே சீராக ஒலிக்கும். கரகரப்போ விட்டுவிட்டு வரும் ஓசையோ கேட்டால் அது தேய்கிறது என்று பொருள். அதற்காகக் கிரீஸை அள்ளித் திணிக்கக் கூடாது. மிகுந்த கிரீஸ் கடையப்பட்டுத் தானே சூடேறும். உள்ளிடத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

பம்பின் கயிற்று அடைப்பையும் கவனியுங்கள். அங்கே நீர் சொட்டுச் சொட்டாக வடிய வேண்டும். சொட்டே இல்லாதபடி இறுக்கினால் தண்டு உராய்ந்து மோட்டாருக்குச் சுமை கூடும். பீறிட்டு அடித்தாலோ நீர் பேரிங்கிற்குள் புகும்.

எல்லாவற்றிலும் கொடியது ஒரு ஃபேஸ் போய்விடுவது. மூன்று ஃபேஸ்களில் ஒன்றின் ஃபியூஸ் எரிந்துவிட்டது என்று கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்பதில்லை. மற்ற இரண்டு கம்பிகளில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. நின்றிருக்கும் மோட்டாரோ சுழலாமல் உறுமும். உடனே நிறுத்தாவிட்டால் சுருள் கருகும்.

டெஸ்டர் விளக்கு எரிகிறதே என்று நம்பலாமா? கூடாது. மோட்டார் ஓடும்போது, போன ஃபேஸிலும் அதன் சுருள்களே மின்னழுத்தத்தை உண்டாக்கி விளக்கை எரியச் செய்யும். ஆகவே, ஓட்டும் முன் ஒவ்வோர் இரு ஃபேஸ்களுக்கும் இடையே வோல்ட்மீட்டரைப் பாருங்கள். 415 வோல்ட்டை ஒட்டி மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஓடும்போது மூன்று ஃபேஸ்களிலும் ஆம்பியர் ஒத்திருக்கிறதா, பெயர்த்தகட்டில் உள்ள அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைக் கட்டுகிறார்கள். ஓவர்லோடு ரிலேயை இயங்காதபடி செய்துவிடுகிறார்கள். நோயை அறிவிப்பவனை வீட்டைவிட்டு விரட்டுவது போன்றதே இது.

எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்கள். காப்பு பழுதடைந்த மோட்டாரின் உடலில் மின்சாரம் ஏறினால், தொடுபவர் உயிரைக் காப்பது அக்கம்பியே.

மோட்டார் அறையில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுங்கள். அன்றைய வோல்ட், ஆம்பியர், ஓசை, சூடு ஆகியவற்றை எழுதுங்கள். நல்ல மோட்டாரும் சற்றுச் சூடாகவே இருக்கும்; ஆகவே நேற்றைய நிலையோடு ஒப்பிட்டால்தான் மாறுதல் புலப்படும். மாறுதல் கண்ட அன்றே மோட்டாரை நிறுத்திக் காரணம் தேடுங்கள். காயில் கட்டும் செலவும் மிஞ்சும், பயிரும் பிழைக்கும்.