விழுங்கத் தயங்கும் குழந்தை

கேரளத்தின் முதற்பெரும் நீர்மின் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கிய இடம், மூணாற்றை அடுத்த பள்ளிவாசல். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதியில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றிருக்கும் பகற்பொழுதில், குழந்தை உண்பதை நேரிற் காண்பவர் ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளருமே ஆவர்.

ஒரு குழந்தை ஒவ்வொரு கவளத்தையும் நெடுநேரம் மெல்லுகிறது. வாய்க்கு வாய் நீர் பருகுகிறது. இறைச்சியைக் கண்டால் ஒதுக்குகிறது. அடிக்கடி வாந்தி எடுக்கிறது. இதனைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்வது எளிது. ஆயினும், உணவுக்குழாயின் ஈசினோபில் அழற்சி இதற்குக் காரணமாக இருத்தல் கூடும்.

ஈசினோபில் என்பது வெள்ளணுக்களுள் ஒரு வகை. ஈயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்பதால் இப்பெயர் பெற்றது. இதனை 1879-இல் பால் எர்லிச் விளக்கினார். நலமுற்ற உணவுக்குழாயின் சுவரில் இவ்வணுக்கள் காணப்படுவதில்லை. ஒவ்வாத உணவினால் இவை அங்குக் குவியும்போது சுவர் வீங்குகிறது; கவனியாது விடின், ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்பேறிக் குழாய் குறுகிவிடும்.

உணவே இதற்குக் காரணம் என்பதை 1995-இல் அமெரிக்க ஆய்வொன்று புலப்படுத்தியது. அமில எதிர்ப்பு மருந்துகளால் குணமடையாத 10 குழந்தைகளுக்கு, வழக்கமான உணவை நிறுத்தி அமினோ அமிலக் கரைசல் தரப்பட்டது. எண்மர் முற்றிலும் நலம் பெற்றனர். எஞ்சிய இருவருக்கும் துன்பம் குறைந்தது. பால், கோதுமை, முட்டை, சோயா முதலியன இந்நோயைத் தூண்டும் முக்கிய உணவுகள்.

இங்கு இரு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். நம் நாட்டில் இரத்தத்தில் ஈசினோபில் மிகுவதற்குக் குடற்புழுக்கள் பெரிதும் காரணமாகின்றன. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. அம்மாத்திரை புழுவை நீக்கும். உணவுக்குழாய் அழற்சியை நீக்காது. இரத்தச் சோதனை மட்டும் இந்நோயை உறுதி செய்யாது. உள்நோக்கிக் கருவியால் எடுத்த சிறு திசுத் துணுக்குகளில், நுண்ணோக்கியின் உயர்திறன் புலம் ஒன்றில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஈசினோபில்கள் காணப்பட வேண்டும்; பிற காரணங்களும் விலக்கப்பட வேண்டும்.

இரண்டாவது பிழை, ஐயத்தின் பேரில் பாலையும் முட்டையையும் தாமாகவே நிறுத்துதல். பள்ளி உணவில் குழந்தையை வளர்ப்பன இவையே. எதனை நீக்குவது, எப்போது திரும்பத் தருவது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தும், விழுங்கத்தக்க ஸ்டீராய்டு மருந்தும் பலருக்குப் பயனளிக்கின்றன.

உணவு தொண்டைக்குக் கீழே சிக்கி, குழந்தை உமிழ்நீரையும் விழுங்க இயலாது தவிப்பின், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. ஏனைய வேளைகளில், உண்ணும் நேரம், ஒதுக்கும் உணவு, வாந்தி, எடை ஆகியவற்றைக் குறித்து வைத்துப் பெற்றோரிடம் தெரிவித்தல் நலம். ஆசிரியரின் அக்குறிப்பே மருத்துவருக்கு முதல் வழிகாட்டியாகும்.