பட்டணம் போவோம், கலை காண்போம்

பத்தாம் வகுப்பு மாணவி

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது பழமொழி. ஊரில் பிழைப்புக் கெட்டாலும் பட்டணம் போனால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஆனால் நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இப்பழமொழி தலைகீழாகிவிட்டது. பிழைப்புத் தேடி இப்போது பட்டணத்தார் நம் ஊருக்கு வருகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள், சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி என்று நம்மைச் சுற்றித் தொழிற்சாலைகள் இரவும் பகலும் இயங்குகின்றன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. நம் பெற்றோரில் பலர் இத்தொழிற்சாலைகளை நம்பியே நம்மைப் படிக்க வைக்கிறார்கள்.

அப்படியானால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கு நாம் எதற்காகப் போகிறோம்? பண்டிகைக்குத் துணி எடுக்கவும், பெரிய மருத்துவமனைக்கும், உறவினர் திருமணத்திற்கும் போகிறோம். ஓவியக் காட்சிக்கும் இசை அரங்குக்கும் போவதாக நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? "அதெல்லாம் பணக்காரர்களுக்கு", "ஆங்கிலம் பேசுகிறவர்கள் போகிற இடம்", "பரீட்சைக்கு அது உதவுமா?" என்று வீட்டில் சொல்வார்கள். இந்த எண்ணம் சரியா என்று ஆராய்வதே எங்கள் கட்டுரையின் நோக்கம்.

நம் ஊரே முதற்படி

கலையைக் காணும் பழக்கத்தை நம் ஊரிலேயே தொடங்கலாம். நெடுஞ்சாலையோரத்தில் ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. 1991 மே 21-ஆம் நாள் அவர் உயிர் நீத்த இடம் அது. நினைவிடம் 2003-இல் திறக்கப்பட்டது. அங்கே ஏழு கல்தூண்கள் நிற்கின்றன. அறம், வாய்மை, நீதி, அறிவியல், தியாகம், அமைதி, வளம் ஆகியவற்றை அவை குறிக்கின்றன. அத்தூண்கள் பேருந்தில் போகும் நம் கண்ணில் தினமும் படுகின்றன. ஆனாலும், "இதை ஏன் இப்படி அமைத்தார்கள்? உருவச்சிலை ஒன்றோடு ஏன் நிறுத்தவில்லை?" என்று நாம் கேட்பதில்லை. ஒரு துயரத்தை வார்த்தையின்றிக் கல்லால் எப்படிச் சொல்வது என்று ஒருவர் சிந்தித்திருக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும்போதே நாம் கலையைக் காணத் தொடங்கிவிடுகிறோம்.

எழும்பூர் அருங்காட்சியகம்

இனிப் பட்டணத்திற்குப் போவோம். எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. கொல்கத்தா அருங்காட்சியகத்திற்கு அடுத்து நாட்டிலேயே பழமையானது இதுதான். அமராவதியின் பௌத்தச் சிற்பங்களும், இரவி வர்மாவின் ஓவியங்களும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இதன் செல்வங்கள். நம் அண்டை மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த நடராசர் சிலையும் இங்குதான் இருக்கிறது.

இத்திருமேனிகள் எப்படி வார்க்கப்பட்டன என்பதை அறிந்தால், தொழிற்சாலைப் பிள்ளைகளாகிய நாம் மற்றவர்களைவிட அதிகம் வியப்போம். முதலில் சிற்பி மெழுகினால் உருவம் செய்வார். அதன்மேல் வண்டல் மண்ணைப் பல படலங்களாகப் பூசிக் காயவைப்பார். பிறகு அதைச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் இருக்கும். உருக்கிய உலோகத்தை அதில் ஊற்றுவார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் அதே சிலையை மறுபடி வார்க்க முடியாது.

நம் ஊர்த் தொழிற்சாலையிலும் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். ஆனால் அங்கே ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான பாகங்கள் வெளிவரும். ஒன்று மற்றொன்றைப் போலவே இருக்க வேண்டும்; சிறிது மாறினாலும் கழித்துவிடுவார்கள். சிற்பியின் பட்டறையிலோ ஒவ்வொன்றும் தனி. இரண்டிற்கும் திறமை வேண்டும், பொறுமை வேண்டும், நெருப்பருகே நிற்கும் துணிவும் வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் சிலையைச் செய்தவரும் நம் பெற்றோரைப் போல ஓர் உழைப்பாளிதான் என்பதை நாம் மறக்கலாகாது.

கடற்கரையில் நான்கு உழைப்பாளர்கள்

இந்த எண்ணத்தையே பெரிய அளவில் சொல்லும் சிற்பம் ஒன்று மெரினா கடற்கரையில் இருக்கிறது. பெரும் பாறை ஒன்றை நான்கு மனிதர்கள் உந்தி நகர்த்தும் உழைப்பாளர் சிலை அது. 1959-இல் நிறுவப்பட்டது. அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்து வந்து, சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக 1957 வரை பணியாற்றியவர். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய அப்பள்ளியே இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. காந்தியடிகள் நடந்து செல்வது போன்ற மெரினா சிலையும் ராய் சௌத்ரி வடித்ததே.

சென்னைக் கடற்கரைக்கும் உழைப்பாளருக்கும் உள்ள தொடர்பு அதற்கும் முந்தியது. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இக்கடற்கரையில்தான். அச்சிலையிலுள்ள நால்வரும் அரசர்கள் அல்லர், தலைவர்களும் அல்லர். அவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் ஒரு தந்தை அச்சிலையின் முன் நின்றால், தம் தோளின் வலியை அதில் கண்டுகொள்வார். அதைக் காண நுழைவுச்சீட்டும் தேவையில்லை. கலை பணக்காரர்களுக்கே உரியது என்று சொல்வோருக்கு இதுவே எங்கள் முதல் விடை.

ஓவியம் சோறு போடுமா?

அடுத்த கேள்வி, பெற்றோர் பெரிதும் கேட்பது. அதற்கு விடை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. கலைக் கல்லூரியில் ராய் சௌத்ரிக்குப் பின் தலைமைப் பொறுப்பேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். படிப்பை முடித்த மாணவர்கள் வருமானமின்றி ஓவியத்தைக் கைவிட நேர்வதைக் கண்டு அவர் வருந்தினார். ஆகவே ஆசிரியரும் மாணவரும் நண்பருமாகக் கூடி ஒரு வழி கண்டார்கள். பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். பாட்டிக் என்பது துணியில் மெழுகால் கோலம் வரைந்து சாயத்தில் தோய்க்கும் முறை. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சிற்பிக்குச் சிலை வார்க்க உதவிய அதே மெழுகு இவர்களுக்கு நிலம் வாங்கவும் உதவியது!

அந்த வருவாயைக் கொண்டு கடற்கரையோரம் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கி 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். கைத்தொழில் வயிற்றைக் காத்தது. மீதிப் பொழுது ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் ஆயிற்று. பிறரிடம் கையேந்தாமல் கலைஞர்கள் தாமே கட்டிய ஊர் அது. இன்று அங்கே ஓர் அருங்காட்சியகமும் காட்சிக்கூடங்களும் உள்ளன. அதே சாலையில் இன்னும் தெற்கே சென்றால் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிண சித்ரா இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நம் காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டையும் அங்கே காணலாம். நம்மவர் வாழ்ந்த வீடே காட்சிப் பொருளாகும்போது, அதைக் காண நாம் போகாமலிருப்பது முறையா?

அரங்கிலிருந்து தெருவிற்கு

கலை இருக்கும் இடங்களும் காலந்தோறும் மாறிவருகின்றன. 1928-இல் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. 1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவைத் தோற்றுவித்தார். மார்கழி வந்தால் சபாக்கள் களைகட்டும். பாட்டுக்காக வருவோரோடு சபா உணவகத்தின் சிற்றுண்டிக்காகவே வருவோரும் உண்டு. பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளை இலவசமாகவே கேட்கலாம்.

ஆனாலும் அரங்கிற்குள் போகத் தயங்குவோர் பலர் என்பது உண்மை. அதனால் 2015-இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வாழும் இடத்திலேயே, ஒரு கலைவிழா தொடங்கிற்று. கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் இடம்பெற்றன. 2016-இல் தொடங்கிய சென்னைப் புகைப்பட விழா, படங்களைப் பொது இடங்களுக்குக் கொண்டுவந்தது. 2020-இல் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் எழுந்தன. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. சுவரில் வண்ணம் ஏறியதால் வேலையும் பேருந்து வசதியும் தாமாக வந்துவிடுமா என்று கேட்டால், வாரா என்பதே விடை. எனினும், பிறர் பெயரைச் சொல்லவே தயங்கிய ஓர் ஊரைப் பார்க்க மக்கள் தேடி வருகிறார்கள் என்பதும் சிறிய செய்தியன்று.

நம் மாவட்டமும் இதில் பின்தங்கவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. ஆண்களே ஆடிவந்த கூத்தை அங்கே பெண் பிள்ளைகளுக்கும் கற்பித்தார்கள். கிரீடம் சூடிப் பெண்கள் மேடையேறினார்கள். நமக்கு இதைவிட ஊக்கம் வேறென்ன வேண்டும்?

எப்படிச் செல்வது? எப்படிப் பார்ப்பது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லி சென்று, அங்கிருந்து நகரப் பேருந்தில் எழும்பூர்ப் பக்கம் போகலாம். ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் சென்றால், அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறன்று திறந்திருக்கும். வாரம் முழுதும் உழைக்கும் தாய்மார்களுக்கும் விடுதியிலுள்ள அக்காமார்களுக்கும் இது வசதியே. கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாடமியில் நடைபெறும் ஓவியக் காட்சிகளைப் பெரும்பாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. எல்லாவற்றையும் ஓட்டமாக ஓடிப் பார்ப்பதைவிட, மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் நிற்பது நல்லது. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்; அதன் பிறகே பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டும். கையால் தொடலாகாது, வியர்வையின் உப்பு உலோகத்தைக் கெடுக்கும். சிறு நோட்டும் பென்சிலும் இருந்தால் வரைந்து பார்க்கலாம். வரையும்போதுதான் விரலின் வளைவும் துணியின் மடிப்பும் கண்ணுக்குப் புலப்படும். புரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. காவலரைக் கேட்கலாம், ஓவியர் அங்கிருந்தால் அவரையே கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம்.

முடிவுரை

பெற்றோர்களே! "பெண் பிள்ளைகளைத் தனியே எப்படி அனுப்புவது?" என்ற உங்கள் கவலையை நாங்கள் அறிவோம். தனியே அனுப்ப வேண்டாம். நீங்களும் எங்களோடு வாருங்கள். துணி எடுக்கப் போகும் நாளில் இரண்டு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அருட்சகோதரியரே! ஆண்டுக்கொரு முறை செல்லும் கல்விச் சுற்றுலாவில் எழும்பூருக்கும் சோழமண்டலத்திற்கும் இடம் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

தோழியரே! நம் வட்டாரத்தில் தொழிற்கூடங்களுக்குக் குறைவில்லை. ஓவியக் காட்சி பார்க்கத்தான் பட்டணம் போகவேண்டியிருக்கிறது. அது என்றும் அப்படியே இருக்க வேண்டுமா? பணிக்கரின் மாணவர்கள் பிறர் கட்டித் தருவார்கள் என்று காத்திருக்கவில்லை. நம் பள்ளித் தாழ்வாரத்தின் ஒரு சுவர் போதும். வேலைக்குப் புறப்படும் அம்மா, சீருடையில் பேருந்துக்கு நிற்கும் அக்கா, இரவுப் பணி முடித்து உறங்கும் அப்பா ஆகியோரை வரைந்து அடுத்த ஆண்டுவிழாவில் மாட்டுவோம். பட்டணத்தில் கண்டதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். அன்று நம் பெற்றோர் தம் உருவத்தைச் சுவரில் கண்டு, "இது நாங்கள்தானா!" என்று வியந்து நிற்பார்கள். "கலை யாருக்கு?" என்ற கேள்வி அதன் பின் நம் வீடுகளில் எழாது.