டூல் வெட்டிய நேரம் எவ்வளவு?

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்றின் உரிமையாளரிடம், "உங்கள் வி.எம்.சி. மெஷின் நேற்று எவ்வளவு நேரம் ஓடியது?" என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும். இரண்டு ஷிஃப்டு, பதினாறு மணி நேரம். "அந்தப் பதினாறு மணி நேரத்தில் டூல் உலோகத்தைத் தொட்டு வெட்டியது எவ்வளவு நேரம்?" என்று அடுத்துக் கேட்டால் அவர் யோசிக்கத் தொடங்குவார்.

யோசிக்கத்தான் வேண்டும். ஒரு ஜாபை இறக்கி அடுத்ததைப் பொருத்த சில நிமிடங்கள் போகின்றன. தேய்ந்த இன்செர்ட்டை மாற்றுவதற்குச் சில நிமிடங்கள். அளவெடுக்கும் கருவி பக்கத்து மெஷினில் இருக்கிறது. ட்ராயிங்கில் ஒரு சந்தேகம், சூப்பர்வைசர் வெளியே போயிருக்கிறார். கம்ப்ரசரில் காற்றழுத்தம் இறங்கி சக் பிடிக்கவில்லை. மின்சாரம் ஒரு முறை கண்ணடித்து மெஷின் நின்றுவிடுகிறது, மறுபடி ஹோம் பொசிஷனுக்குக் கொண்டுவர வேண்டும். இவை எதுவும் தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமில்லை. அதனாலேயே லாக் புத்தகத்தில் ஏறுவதுமில்லை. ஷிஃப்டு முடியும் நேரத்தில் ஆபரேட்டர் நினைவிலிருந்து எழுதும் கணக்கில் அரைமணி நேர நிறுத்தம் இருக்கும். ஐந்து நிமிட நிறுத்தங்கள் இருக்காது.

ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு மணி நேரம் இப்படிச் சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஷிஃப்டு, மாதம் இருபத்தைந்து வேலைநாள் என்றால் 100 மணி நேரம். மெஷின் வாடகை மணிக்கு 500 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 50,000 ரூபாய், ஒரே ஒரு மெஷினில். புது மெஷினுக்கு வங்கிக்கடன் கேட்டு அலையும் சிறுதொழில் முனைவோர், தன்னிடம் இருக்கும் மெஷினுக்குள் ஒளிந்திருக்கும் இந்த 100 மணி நேரத்தைப் பார்ப்பதில்லை. அதைக் காட்ட அவரிடம் கருவி இல்லை.

அந்தக் கருவிதான் கணினியோடு இணைக்கப்பட்ட இயந்திரம். 2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் தொழிற்கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயர் அறிமுகமானதிலிருந்து இந்தத் துறையைப் பற்றி வரும் படங்களில் எல்லாம் மனிதர் இல்லாத பளபளப்பான கூடமும் சுழலும் ரோபோ கைகளும்தான் தெரிகின்றன. ஆறு மெஷின் வைத்திருக்கும் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'இது நமக்கில்லை' என்று நகர்ந்துவிடுகிறார். அவருக்குத் தேவைப்படுவதோ ரோபோ இல்லாமலேயே கிடைக்கக்கூடியது.

பத்துப் பதினைந்து வயதான ஒரு லேத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நெட்வொர்க் இணைப்பு எதுவும் இல்லை. அதன் ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகும் வயரைச் சுற்றி, மின்னோட்டத்தை அளக்கும் ஒரு சி.டி. கவ்வியை மாட்டினால் போதும். வயரை வெட்ட வேண்டியதில்லை, மெஷினின் கட்டுப்பாட்டைத் தொட வேண்டியதுமில்லை. மோட்டார் நிற்கும்போது மின்னோட்டம் பூஜ்யம். வெறுமனே சுற்றும்போது குறைவு. டூல் உலோகத்தில் இறங்கியதும் ஏறுகிறது. நின்றது, சுற்றியது, வெட்டியது என்ற மூன்று நிலைகளையும் நொடிக்கு நொடி ஒரு சிறிய கருவி பதிந்து வைஃபை வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது. மெஷினின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் கம்பம் இருந்தால் அதன் மேல் ஒளி உணரியை ஒட்டியும் இதையே செய்யலாம். சற்றுப் புதிய சி.என்.சி. மெஷின்கள் தாமே பேசும். இணைப்பு வயரைச் செருகினால் ஸ்பிண்டில் சுமை, ஓடும் புரோகிராம், அலாரம் எல்லாம் கிடைக்கும். மெஷின்களைக் கட்டுப்படுத்தும் பல பி.எல்.சி.க்கள் இன்றும் பேசும் மோட்பஸ் என்ற மொழி 1979-இல் உருவானது. ஆக, இயந்திரங்கள் பேசத் தொடங்கிப் பல காலமாயிற்று.

இப்படி வரும் எண்களைத் தொகுத்துப் பார்க்கும் அளவுகோலுக்குப் பட்டறை வழக்கில் ஓ.இ.இ. (இயந்திரத்தின் ஒட்டுமொத்தச் செயல்திறன்) என்று பெயர். டி.பி.எம். என்ற இயந்திரப் பராமரிப்பு முறையை வகுத்த ஜப்பானியர் செய்யிச்சி நகாஜிமா தந்தது. மெஷின் ஓடத் தயாராக இருந்த விகிதம், ஓடியபோது இருந்த வேகம், தேறிய பொருள்களின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 90, 95, 99.9 சதவீதத்தைப் பெருக்கினால் 85 வரும். உலகத்தரம் என்று சொல்லப்படும் எண் அது. 75, 80, 97 என்பது கேட்பதற்கு மோசமில்லாத எண்களாகத்தான் தோன்றும். பெருக்கினால் 58-தான்.

சென்னைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசை வென்றது; அந்தப் பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். பேராசிரியர் யோஷிகாசு த்சுடா வழிகாட்டினார். 2003-இல் கதீட்ரல் சாலையைத் தலைமையகமாகக் கொண்ட ரானே குழுமத்தின் ரானே பிரேக் லைனிங் அதே பரிசைப் பெற்றது. சென்சார் யுகத்துக்கு முன்பே காகிதத்திலும் கரும்பலகையிலும் ஆபரேட்டர்கள் கையால் எழுதிய எண்களே அந்த வெற்றிகளின் அடித்தளம். எண்ணைப் பார்த்ததும் 'ஏன்?' என்று கேட்கும் பழக்கம் இந்த நகரத்தின் பெரிய ஆலைகளில் அப்போதே ஊன்றிவிட்டது. சிறு பட்டறைகளுக்கு அது போய்ச் சேராததற்குக் காரணம் எளிது. எழுதி வைக்கவும் வரைபடம் போடவும் தனியாக ஓர் ஆளை அமர்த்தும் வசதி அங்கே இல்லை. ஆளின் இடத்தில் இன்று சி.டி. கவ்வி வந்திருக்கிறது; இணைக்கப்பட்ட மெஷினின் உண்மையான மதிப்பு இதுதான்.

நிறுத்தத்தைப் பதிவது ஒரு பயன். நிற்கப்போவதை முன்கூட்டியே சொல்வது இன்னொன்று. அனுபவமுள்ள ஃபிட்டர்கள் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி, பேரிங் போகப்போகிறதா என்று கேட்டுச் சொல்வார்கள். அதிர்வு உணரியும் அதைத்தான் கேட்கிறது, இடைவிடாமல். நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் மோட்டார் நொடிக்கு 24 சுற்று சுற்றுகிறது. எட்டுக் குண்டுகள் கொண்ட பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்தால், குண்டுகள் அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு தட்டு. நொடிக்கு ஏறத்தாழ 77 தட்டுகள். காதுக்கு எட்டாத நிலையிலேயே அதிர்வின் அலைவெண் வரைபடத்தில் அந்த எண்ணில் ஒரு முள் எழும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்து பேரிங்கை மாற்றிவிடலாம். மெஷின் பாதி ஆர்டரில் நின்று, டெலிவரி தவறி, வாடிக்கையாளரிடம் கெஞ்ச வேண்டிய நிலை வராது.

பழுதை முன்கூட்டியே அறியும் இந்தத் துறையில் அடையாறு பக்கமிருந்து ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கொதிக்கும் குழாய்களின் சுவர் உள்ளுக்குள் அரித்து மெலிவதைக் கண்டறிவது பெரும்பாடு. சாதாரண அல்ட்ராசோனிக் உணரி அந்தச் சூட்டைத் தாங்காது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் தொடங்கிய டிடெக்ட் டெக்னாலஜீஸ், 350 டிகிரி செல்சியஸ் வரை தாங்கி, குழாயிலேயே நிரந்தரமாக ஒட்டியிருந்து அதன் நிலையைச் சொல்லும் உணரியை உருவாக்கியது. அந்த வளாகத்தின் அழிவிலாச் சோதனை ஆய்வகத்தில் பல ஆண்டு நடந்த அடிப்படை ஆராய்ச்சி அதற்குப் பின்னால் இருக்கிறது.

கொங்கு மண்டலத்து நூற்பாலைகளும் கவனிக்க வேண்டியவை. ஒரு ரிங் ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில்கள். இழை எங்கே அறுந்தது என்று தேடி நடப்பதிலேயே ஃபிரேமைக் கவனிக்கும் தொழிலாளியான சைடரின் கால்கள் ஓய்ந்துவிடும். நவீன ஃபிரேம்களில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் ஓர் உணரி. அறுந்த இடத்தில் விளக்கு எரிகிறது, அவர் நேரே அங்கே போகிறார். இழை அறுந்தால் தானே நின்றுவிடும் தறியை சகிச்சி டொயோடா 1924-இலேயே முழுமைப்படுத்தியிருந்தார். அன்றைய தறி நின்றது. இன்றைய ஃபிரேம் எந்த ஸ்பிண்டிலில் அடிக்கடி அறுகிறது என்பதையும் மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கிறது.

மின்கட்டணம் இன்னொரு அவசரம். 2022 கட்டண உயர்வுக்குப் பிறகு, உச்ச நேரக் கட்டணத்தையும் நிலைக்கட்டணத்தையும் எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகச் சிறு, குறு தொழில்கள் ஒருநாள் கதவடைப்பே நடத்தின. அந்தக் கோரிக்கை நியாயமானது. அரசோடு பேசித் தீர்க்க வேண்டியது. அதே நேரத்தில், எந்த மெஷின் எந்த மணியில் எவ்வளவு யூனிட் இழுக்கிறது என்று தெரியாமல் வேலையை நேரம் மாற்றிவைக்கவும் முடியாது. பட்டறைகளில் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது கம்ப்ரசர். அது உருவாக்கும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே போய்விடக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை எச்சரிக்கிறது. கம்ப்ரசரில் ஒரு மீட்டரை இணைத்து, எல்லா மெஷினும் நிற்கும் சாப்பாட்டு நேரத்தில் அது எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தால் போதும். அந்த எண் பெரும்பாலும் கசிவின் விலை.

இணைப்பால் வரும் ஆபத்தும் உண்டு, அதைச் சென்னை பார்த்திருக்கிறது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் ஆலையின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. அலுவலகக் கணினியைப் புதுப்பிப்பதுபோல ஆலைக் கணினியைப் புதுப்பிக்க முடிவதில்லை. மெஷினோடு வந்த மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும், தொட்டால் நின்றுவிடுமோ என்ற பயம். எனவே மெஷின்களுக்குத் தனி நெட்வொர்க், அதற்கும் பில் போடும் கணினிக்கும் நடுவே ஒரு தடுப்பு, புரோகிராம்களுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி ஆகிய மூன்றும் முதல் நாளிலேயே வேண்டும். ஆபரேட்டர் கொண்டுவரும் பென் டிரைவ்களுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது மனிதர் பக்கம். திரையில் சிவப்புக் கோடு தெரிந்ததும் "ஏன் நிறுத்தினாய்?" என்று ஆபரேட்டர் மேல் பாயும் முதலாளி, அந்த மாதத்தோடு உண்மையான தரவை இழந்துவிடுவார். அடுத்த மாதம் ஸ்பிண்டில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தங்களில் பலவற்றுக்கு ஆபரேட்டர் காரணமே அல்ல: மெட்டீரியல் வரவில்லை, ட்ராயிங் வரவில்லை, கேஜ் இல்லை. மெஷின் பக்கத்தில் ஐந்தாறு பொத்தான்களை வைத்து, நின்ற காரணத்தை அவரையே சொல்லவிட வேண்டும். அதே திரையை அவரும் பார்க்க முடிய வேண்டும். மிச்சமான நேரத்தின் பலனில் ஒரு பங்கு ஊக்கத்தொகையாக அவரிடம் போய்ச் சேர வேண்டும். இப்படிச் செய்யாத இடங்களில் உணரிகள் சுவரில் தொங்கும் அலங்காரமாகத்தான் முடியும்.

பயிற்சிக்கு அரசு கணிசமாகச் செலவிட்டிருக்கிறது. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் 4.0 தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டம் 2023-இல் ஒரகடத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் தரமணி டைடல் பார்க்கில், மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முன்னின்று, சீமென்ஸுடன் டான்சாம் என்ற மையமும் டஸ்ஸோ சிஸ்டம்ஸுடன் டான்கேம் என்ற மையமும் திறக்கப்பட்டன. கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் வந்தது, ஐ.ஐ.டி. 1959-இல், டைடல் பார்க் 2000-இல். செய்பவர், ஆராய்பவர், மென்பொருள் எழுதுபவர் என மூவரும் தென்சென்னையின் சில கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். இப்படி ஓர் அமைப்பு வேறு பல நகரங்களுக்குக் கிடைக்காதது.

ஆனால் ஆறு மெஷின் பட்டறைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு டைடல் பார்க்குக்கு வந்து செயல்விளக்கம் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மையங்கள்தான் அவரிடம் போக வேண்டும். பத்து சி.டி. கவ்விகள், இரண்டு அதிர்வு உணரிகள், ஒரு கம்ப்ரசர் மீட்டர், இவற்றைப் படிக்கத் தெரிந்த ஓர் ஐ.டி.ஐ. மாணவர். இந்தத் தொகுப்பை ஒரு மாதத்துக்கு இரவலாகக் கொடுக்கலாம். மாத முடிவில் எங்கே எத்தனை மணி நேரம் போனது என்ற ஒரு பக்க அறிக்கையைத் தமிழில் அச்சிட்டுத் தரலாம். வாங்குவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துவிட்டு உரிமையாளர் முடிவு செய்துகொள்ளட்டும்.