கணிப்பொறிப் பாவையின் முழங்கை

மாதுங்காவிலும் செகந்தராபாத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. "அனிமேஷன் ஸ்தாபனத்தில் உத்தியோகமாம், நாள் முழுதும் பொம்மையின் கைக்கு நீலமும் சிவப்பும் பூசுகிறானாம். இதற்கா இத்தனை இரவுக் கண்விழிப்பு?" அவ்வர்ணம் அழகுக்காகப் பூசப்படுவதன்று என்பதையே இன்று விளக்கப் புகுகிறோம்.

கணிப்பொறியில் ஆக்கப்பெறும் மனித உருவம் உள்ளே வெறும் வெற்றிடம். அதன் மேனி பல்லாயிரம் புள்ளிகளை இணைத்து நெய்த வலை. அவ்வலைக்குள் எலும்புக்கூடு ஒன்றைப் பொருத்துகின்றனர். இதனை ரிக்கிங் என்பர். பொம்மலாட்டத்து மரப்பாவைக்கு இத்தொல்லை இல்லை. அதன் முழங்கை இரு கட்டைகளின் இணைப்பே. எக்கட்டை எந்நூலுக்கு அடங்கும் என்பதில் ஐயம் எழாது. தோலோ இடையறாத தொடர்ச்சி. மூட்டருகே உள்ள ஒரு புள்ளி புயத்தெலும்பைப் பின்பற்றுவதா, முன்கையெலும்பைப் பின்பற்றுவதா?

இரண்டையும் என்பதே விடை. ஒரு புள்ளியின்மீது ஒவ்வோர் எலும்புக்கும் உள்ள உரிமையை 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிக்கின்றனர். புயத்தின் நடுவே உள்ள புள்ளியில் புயத்தெலும்புக்கு முழு 1. மூட்டை நெருங்க நெருங்க 0.8, 0.5 எனக் குறைய, குறைந்த பங்கு முன்கையைச் சேரும். கூட்டுத்தொகை எப்போதும் 1. இதுவே வெயிட் மேப்பிங். பெயரில் எடை இருப்பினும் பளுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எண்களைக் கண்ணுக்குப் புலனாக்கவே வர்ணம். பிளெண்டர் என்னும் மென்பொருளில் நீலம் 0, சிவப்பு 1.

எலும்பு அசைந்ததும், அப்புள்ளி புயத்தோடு மட்டும் சென்றிருந்தால் எங்கிருக்கும், முன்கையோடு மட்டும் சென்றிருந்தால் எங்கிருக்கும் எனக் கணிப்பொறி ஈரிடங்களைக் கண்டு, பங்கின்படி சராசரி எடுக்கிறது. எளிய முறைதான், ஆனால் பெருங்குறை ஒன்று உண்டு. மணிக்கட்டைத் திருகுவதாகக் கொள்வோம். சரிபாதிப் பங்குடைய புள்ளிகள், அவ்விரு இடங்களையும் இணைக்கும் நேர்கோட்டின் நடுவே வந்து விழும். 120 பாகை திருகினால் அங்கே கையின் தடிமன் சரிபாதி. 180 பாகையில் தடிமனே இல்லை! மிட்டாய்க் காகிதத்தின் முறுக்குப்போலக் கை நெரிந்துவிடும்.

நம் உடலில் இவ்வாறு நேர்வதில்லை. உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். முன்கையின் ஈரெலும்புகளில் ஒன்று மற்றதன் குறுக்கே புரள, திருக்கம் முழங்கை வரை படிப்படியாகப் பரவுகிறது. இதனைக் கண்ட கலைஞர்கள் முன்கையில் துணையெலும்புகள் சிலவற்றை அமைத்துத் திருக்கத்தைப் பகிர்ந்தளிக்கின்றனர். 2007இல் லாடிஸ்லாவ் காவன் முதலியோர் இரட்டைக் குவாட்டர்னியன் என்னும் கணித வழியால் நெரிவைத் தவிர்த்தனர். எனினும் அவ்வழியில் மடங்கும் மூட்டு புறத்தே சற்றுப் புடைக்கிறது. ஒரு பிணி நீங்க மற்றொன்று!

யாவற்றினும் கடினமானது தோள். கையை முழுதும் உயர்த்துகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அசைவு தோள்பட்டை எலும்பினுடையது. அதனை மறந்து புயத்தெலும்புக்கே உரிமை முழுவதையும் வழங்கினால் தோள் குழிந்து விகாரமாகும். பங்கினைத் தானே வழங்கும் வசதி மென்பொருளில் உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் அருகாமையையே உறவென்று கொண்டுவிடுகிறது. ஒரு தொடையின் உட்புறத் தோல் மறுகாலோடு சேர்ந்து இழுபடும். ஆதலால்தான் உருவத்தைக் கைகால் விரித்து நிற்கும் நிலையில் ஆக்குகின்றனர். எஞ்சிய பிழைகளை, மூட்டை மடக்கியும் நீட்டியும் பன்முறை நோக்கி, தூரிகையால் புள்ளி புள்ளியாகத் திருத்துவதே நம் பிள்ளைகளின் பணி. மகனோ மகளோ திரையின் முன் அமர்ந்து தன் தோளைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்க்கக் கண்டால், அப்பணி நடந்துகொண்டிருக்கிறதென்று அறிக.