கடைசியா எப்போ ஊசி போட்டீங்க?

கேன்டீனில் நாலு பேரைப் பிடித்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ‘கொரோனாவுக்கு ரெண்டு டோஸ் போட்டேனே!’ என்று டக்கென்று பதில் வரும். ‘அதுக்கு முன்னாடி?’ என்று அடுத்த கேள்வியைப் போட்டால், ‘அதெல்லாம் அம்மாவைத்தான் கேட்கணும்’ என்று நைஸாக நழுவுவார்கள். சிரிக்காதீங்க... நம்மில் முக்கால்வாசிப் பேர் கதை இதுதான்!

இந்த மேட்டரைப் பேச நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்துபோனார். அப்போது அதற்கான சிகிச்சைக்கு இமயமலை அடிவாரத்து கசௌலிக்குத்தான் போகவேண்டும். தெற்கே ஒன்றும் இல்லை. இந்த நிலையை மாற்ற, அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் தந்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் உருவானது. சிம்ஸ் பார்க் டூர் போனவர்கள், பக்கத்திலேயே அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தையும் பார்த்திருப்பீர்கள். நாய்க்கடி மருந்தோடு நிற்காமல், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற முத்தடுப்பு மருந்தும் இங்கே தயாராகி நாடு முழுக்கப் போனது.

ஆனால், மருந்து மலையில் தயாராவது வேறு, மலையில் இருக்கிற எல்லோர் கையிலும் ஏறுவது வேறு!

எஸ்டேட் லயன் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். கொழுந்து பறிக்கிற அம்மா அன்றைக்கு லீவு போட்டால் கூலி போச்சு. ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் கூலியும் அம்பேல். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து தோட்ட வேலைக்கு வரும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். ஊர் மாறும்போது தடுப்பூசி அட்டை தொலைந்தால், எந்த டோஸ் போட்டது, எது பாக்கி என்று யாருக்குத் தெரியும்?

இத்தனையையும் தாண்டி நர்ஸம்மாக்கள் மேடு பள்ளம் ஏறி, கதவைத் தட்டிக் கூப்பிட்டு ஊசி போடுகிறார்கள். கூடலூரில் ‘அஸ்வினி’ அமைப்பு பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர் ஆக்கியது. சொந்தக்காரப் பொண்ணு வந்து சொன்னால் பயம் பாதி குறையும் இல்லையா? கொரோனா ஊசி வந்தபோதும் பழங்குடி கிராமங்களில் ஏகப்பட்ட வதந்தி. ஊர் ஊராகப் போய்ப் பேசித்தான் 2021-ல் நீலகிரியின் பழங்குடி மக்களுக்கு ஊசி போட்டார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் தமிழ்நாட்டின் கிராஃப் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது. 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லா அடிப்படை ஊசிகளும் போட்டவர்கள், 2005-06 தேசிய குடும்பநல ஆய்வில் சுமார் 81 சதவிகிதம். 2015-16-ல் 70-க்கு இறங்கியது. 2019-21-ல் 89-க்கு வந்தது. கொஞ்சம் அசந்தால் இறங்கும் என்பதுதான் இதில் பாடம்.

சரி, குட்டீஸைத் தேடி நர்ஸம்மா வருகிறார். நம்மை யார் தேடி வருவார்கள்? 10 வயதிலும் 16 வயதிலும் ‘டிடி’ ஊசி உண்டு. அதற்குப் பிறகு அரசு அட்டவணையில் நமக்கு வரிசையாக எதுவும் இல்லை. கர்ப்பிணிகளுக்குத்தான் மறுபடி ஊசி. ஆனால், சின்ன வயசில் போட்ட ஊசியின் பலம் வருஷம் போகப் போகக் குறையும். 2016-ல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவியபோது டீன் ஏஜ் பிள்ளைகளும் பலியானார்கள். ‘அது கேரளாதானே?’ என்காதீர்கள். கூடலூரில் பஸ் ஏறி நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர். அது மலப்புரம் மாவட்டம்தான். கிருமிக்கு செக்போஸ்ட் ஏது?

இது நம்மோடு முடிகிற விஷயமும் இல்லை. பிறந்த குழந்தைக்கு முத்தடுப்பு மருந்தின் முதல் டோஸே ஆறாவது வாரத்தில்தான். அதுவரை அக்கா குழந்தையைக் கொஞ்சுகிற நாம்தான் அதற்கு வேலி.

உங்க ஜாதகத்தைப் பாருங்க!

டிடி: 16 வயசில் போட்டீங்களா? அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு ஒன்று போடுவது நல்லது.

தட்டம்மை-ரூபெல்லா: 2017 பிப்ரவரியில் ஸ்கூலில் க்யூவில் நின்றது ஞாபகம் இருக்கா? அதுதான். வாட்ஸ்அப் வதந்தியை நம்பி அன்றைக்கு ‘ஆப்சென்ட்’ ஆனவர்கள் இப்போது டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அதனால் பெண்கள் கல்யாணத்துக்கு முன்பே செக் பண்ணிக்கொள்வது முக்கியம்.

ஹெபடைடிஸ் பி: இது சேர்ந்த ஐந்து-நோய் ஊசி தமிழ்நாட்டுக்கு வந்தது 2011 டிசம்பரில். அதற்கு முன் பிறந்தவர்கள் அட்டையைத் தேடுங்கள். நர்ஸிங், லேப் படிப்பவர்கள் கண்டிப்பாக!

ஹெச்.பி.வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. 14 வயது மாணவிகளுக்குப் போடும் திட்டத்தை 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அந்த வயசைத் தாண்டியவர்களும் 26 வயது வரை போடலாம்.

நாய்க்கடி: சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ‘சும்மா கீறல்தான்’ என்று விடாதீர்கள். ரெண்டு ஊசியோடு நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும், பீரோவின் மேல்தட்டில் அம்மா பத்திரமாக வைத்திருக்கும் அந்த மஞ்சளேறிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். செல்லில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காலிக் கட்டம் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். இவ்வளவுதான் மேட்டர். கையை நீட்டுங்க பாஸ்!